செல்ஃப் அடிக்குது, வண்டி எடுக்கல

நேற்று இரவு ஒழுங்காக வந்து வாசலில் நின்ற கார் இன்று காலை எடுக்கவில்லை என்றால் கால் மணி நேரத்தில் நாலு பேர் கூடிவிடுவார்கள். பேட்டரி டவுன் என்பார் ஒருவர். பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொல்வார் அடுத்தவர். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டு வண்டிக்காரரின் முறைப்பை வாங்கிக் கொள்வார் மூன்றாமவர். நான்காமவர் எதுவும் பேசாமல் டிக்கியில் கை வைத்துத் தள்ளத் தயாராக நிற்பார். இவர்களில் யார் நினைப்பதும் சரியாக இருக்கலாம் என்பதுதான் சிக்கல். சாவியைத் திருப்பியபோது என்ன சத்தம் வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தச் சத்தத்தில்தான் பாதி விடை இருக்கிறது. சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காமல் இருக்கலாம். 'டிக்' என்று ஒரு சத்தமோ 'டிக்-டிக்-டிக்' என்று வரிசையாகவோ கேட்கலாம். அப்படியானால் எஞ்சின் சுற்றவே இல்லை. பெட்ரோலைப் பற்றியும் பிளக்கைப் பற்றியும் அப்போது பேச வேண்டியதில்லை. செல்ஃப் நன்றாக அடித்து எஞ்சின் சுற்றியும் பற்றவில்லை என்றால் பேட்டரியை ஓரளவு விட்டுவிடலாம். தேட வேண்டியது பொறியையும் பெட்ரோலையும். பற்றிய கையோடு அணைந்துவிட்டால் அது வேறு கதை. சாவியை இரண்டாம் முறை திருப்பும் முன் இதைக் கவனித்துக்கொண்டால் மூன்றில் இரண்டு பங்கு பாகங்களைத் தொடாமலே ஒதுக்கிவிட முடியும்.

இங்கே பேசுவது பழைய வண்டிகளைப் பற்றி. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர், அதே ஆண்டு விடைபெற்ற மாருதி 800, அவற்றுக்குப் பத்தாண்டுக்கும் மேல் முந்தியே நின்றுபோன பிரீமியர் பத்மினி. இவற்றில் இன்னும் ஓடுபவை பல. இவற்றின் பெரும்பாலான பாகங்களைக் கண்ணால் பார்க்கலாம், கையால் கழற்றலாம். ஆனாலும் பழுது கண்டுபிடிப்பது எளிதல்ல. காரணம், பழைய பாகம் சும்மா இருக்கும்போது தன் குறையைக் காட்டாது. மேசையில் வைத்துச் சோதித்தால் நன்றாகவே இருக்கும். வேலை கொடுத்த கணத்தில் கைவிடும். கடையில் சோதித்து 'நல்லாத்தான் இருக்கு சார்' என்று திருப்பிக் கொடுத்த பாகத்தால் மறுநாளும் வண்டி நிற்பதன் இரகசியம் இதுதான்.

பேட்டரியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஈய-அமில பேட்டரி 1859-இல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளான்தே கண்டுபிடித்தது. ஈயத் தகடு ஒன்று, ஈய ஆக்சைடுத் தகடு ஒன்று, இடையே கந்தக அமிலம். அடிப்படையில் இன்றும் அதேதான். ஒரு அறை சுமார் 2.1 வோல்ட் தரும். காரில் இருப்பது ஆறு அறைகள், ஆக மொத்தம் 12.6 வோல்ட்.

அந்த 2.1 வோல்ட்டுக்குப் பின்னால் ஒரு விந்தை உண்டு. ஈயத்தின் அணு எண் 82. அவ்வளவு கனமான கருவைச் சுற்றும் உள்வட்ட எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை எட்டுகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டைக் கணக்கில் எடுக்காமல் முடியாது. வெளி எலெக்ட்ரான்களின் ஆற்றல்நிலைகளையும் அது மாற்றிவிடுகிறது. உப்சாலாவின் ராஜீவ் அகுஜா, ஹெல்சிங்கியின் பெக்கா பியூக்கோ ஆகியோர் அடங்கிய குழு 2011-இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வரை சார்பியல் விளைவால் மட்டுமே வருகிறது. அட்டவணையில் ஈயத்துக்கு நேர் மேலே இருக்கும் வெள்ளீயத்தை வைத்து இப்படியொரு பேட்டரி ஏன் செய்ய முடியவில்லை என்பதற்கும் அதுவே விளக்கம். வாசலில் நிற்கும் மாருதி காலையில் எடுப்பதற்கு ஐன்ஸ்டைனின் தயவும் வேண்டும் என்று சொன்னால் மெக்கானிக் சிரிப்பார், ஆனால் பொய்யில்லை.

நிற்க. மல்ட்டிமீட்டரை வைத்தால் 12.6 காட்டுகிறது. பேட்டரி நல்லது என்று முடிவு கட்டலாமா? கூடாது. மீட்டர் பேட்டரியிடமிருந்து கேட்கும் மின்சாரம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. செல்ஃப் கேட்பதோ சின்னக் காரிலேயே 100, 150 ஆம்பியர். நீண்ட நாள் சார்ஜ் குறைந்து கிடந்த பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியான படிகங்களாகப் படிந்துவிடும். படிந்த இடத்தில் வேதிவினை நடக்காது. மிச்சமிருக்கும் சிறு பரப்பு மீட்டருக்குத் தேவையான துளி மின்சாரத்தைத் தந்துவிடும், செல்ஃபுக்குத் தராது. ஆகவே ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, செல்ஃப் அடிக்கும் அந்த நேரத்தில் மீட்டரைப் பார்க்க வேண்டும். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி மீது குற்றமில்லை. சுமார் 9.6-க்குக் கீழே இறங்கினால் சந்தேகம். 6, 7 என்று சரிந்தால் தீர்ப்பே சொல்லிவிடலாம். மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரும் உதவும். முழு சார்ஜில் அமிலத்தின் அடர்த்தி 1.26-லிருந்து 1.28 வரை இருக்கும். ஐந்து அறைகள் அப்படி இருக்க ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அந்த அறை போய்விட்டது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி அதை மீட்க முடியாது.

மேலைநாட்டுக் கையேடுகளில் பேட்டரி பனிக்காலத்தில் கைவிடும் என்று இருக்கும். நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினை வேகம் சுமாராக இரட்டிக்கும். வேண்டிய வினை மட்டும் வேகமெடுத்தால் பரவாயில்லை. தகட்டின் ஈயச் சட்டகம் அரிப்பதும் சேர்ந்தே வேகமெடுக்கிறது. சித்திரை வெயிலில் எஞ்சினை ஒட்டி உட்கார்ந்திருந்த பேட்டரி, வெயில் தணிந்தபின் ஒரு நாள் திடீரென்று போனதாகத் தோன்றும். திடீரென்று போகவில்லை; மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பேட்டரி நல்லது, செல்ஃபும் நல்லது, ஆனாலும் சுற்றவில்லை. இது மிகவும் வழக்கமான நிலைமை. பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளையும் பச்சையுமான உப்பைப் பலரும் அழுக்கு என்று நினைக்கிறார்கள். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறதே, கனெக்ஷன் எப்படிக் கெட்டிருக்கும் என்றும் கேட்கிறார்கள். பாதி அடைத்த குழாயில் ஒரு சொம்பு தண்ணீர் பிடிக்கப் பிரச்சினை இருக்காது. மோட்டாரைப் போட்டு வயலுக்குப் பாய்ச்சினால்தான் அடைப்பு தெரியும். மின்சாரத்துக்கு இதை எண்ணாகவே சொல்லலாம். உப்புப் பூத்த முனையில் 0.02 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மீட்டரின் ஓம் அளவையில் அது பூஜ்யமாகத்தான் தெரியும். 60 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று எடுப்பது 5 ஆம்பியர். 5 பெருக்கல் 0.02, அதாவது 0.1 வோல்ட் இழப்பு. கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் 150 ஆம்பியர் கேட்டால் இழப்பு 3 வோல்ட். பேட்டரியின் 12-இல் கால்பங்கு அந்த உப்பிலேயே சூடாகிப் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க நல்ல மெக்கானிக் ஓம் அளவையைத் தொடவே மாட்டார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கட்டையிலும் மறுமுனையை அதன்மேல் இறுக்கியிருக்கும் டெர்மினலிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்வார். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் உலோகங்கள். நடுவில் வோல்ட்டே இருக்கக் கூடாது. அரை வோல்ட் காட்டினால் பழுது அந்த இடத்தில்தான். இதே முறையில் வயர் நெடுகிலும் போகலாம்: பாசிட்டிவ் கட்டையிலிருந்து செல்ஃபின் தடித்த போல்ட் வரை, எஞ்சின் உடலிலிருந்து நெகட்டிவ் கட்டை வரை. எந்தப் பாகத்தையும் கழற்ற வேண்டியதில்லை, ஒரு பைசா செலவில்லை. பட்டறைகளில் இது இவ்வளவு அரிதாக இருப்பது எனக்குப் புரிவதில்லை. புது பேட்டரி விற்பதில் லாபம் இருக்கிறது, டெர்மினலை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

எர்த் பக்கம் இன்னொரு வேடிக்கை நடக்கும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும். இருபது வருட அதிர்வில் அது இற்றுப்போனால் 150 ஆம்பியரும் வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் உலோகம் வேறென்ன இருக்கிறது? ஆக்சிலரேட்டர் கேபிளும் சோக் கேபிளும்தான். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுட்டாலோ புகைந்தாலோ கேபிளை மாற்றிப் பயனில்லை.

இப்போது அந்த 'டிக்-டிக்-டிக்'. செல்ஃப் மோட்டாரின் முதுகில் சோலனாய்டு என்ற சிறு உருளை இருக்கும். சாவியைத் திருப்பினால் அதனுள் இருக்கும் மின்காந்தம் ஓர் இரும்புத் தண்டை இழுக்கும். தண்டு ஒரு பக்கம் பல்சக்கரத்தை எஞ்சின் வளையத்தோடு கோக்கும், மறுபக்கம் தடித்த செம்புத் தொடுமுனைகளை இணைத்து மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். பேட்டரி தளர்ந்திருந்தால் தண்டை இழுக்கும் அளவுக்குச் சக்தி இருக்கும். ஆனால் மோட்டார் இணைந்த கணமே வோல்ட் சரிந்துவிடும். மின்காந்தம் பிடியை விடும், ஸ்பிரிங் தண்டைப் பின்னுக்குத் தள்ளும். சுமை போனதும் வோல்ட் மீளும், மறுபடி இழுக்கும். வரிசையான டிக்-டிக் என்றால் பேட்டரி அல்லது கனெக்ஷன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஒரே ஒரு கனத்த 'டக்' கேட்டு, விளக்குகள் மங்காமல் நின்றால் மின்சாரம் மோட்டாருக்குள் பாயவே இல்லை. தொடுமுனை எரிந்திருக்கலாம், மோட்டாரினுள் கார்பன் பிரஷ் தேய்ந்து தொடாமல் நிற்கலாம். பழைய டிரைவர்கள் வீல் ஸ்பேனரால் செல்ஃபை இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சாவியைத் திருப்புவார்களே, அது மூடநம்பிக்கை இல்லை. சிக்கிய பிரஷ் தட்டலில் நகர்ந்து மறுபடி தொடும். இரண்டொரு நாள் வண்டி ஓடும். அதற்குள் பிரஷ் மாற்றிவிட வேண்டும். 'டக்' கேட்டு விளக்குகளும் சேர்ந்து அணையுமளவு மங்கினால், மோட்டாரோ எஞ்சினோ இறுகியிருக்கலாம். எந்தச் சத்தமும் இல்லாமல் விளக்குகள் மட்டும் பளிச்சென்று எரிந்தால் சாவியிலிருந்து சோலனாய்டுக்கு வரும் மெல்லிய வயரைப் பார்க்க வேண்டும். சாவி சுவிட்சின் தேய்ந்த முனைகளையும் நீண்ட வயரையும் தாண்டி அங்கே 8 வோல்ட் மட்டுமே போய்ச் சேரும் வண்டிகள் உண்டு. நடுவில் ஒரு ரிலே வைத்தால் புதுவண்டி மாதிரி அடிக்கும்.

செல்ஃப் இவ்வளவு சிறிதாக இருந்துகொண்டு இவ்வளவு பெரிய வேலையைச் செய்வதற்கு ஒரு பின்கதை உண்டு. அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் மோட்டார் தொழிலுக்கு வருமுன் கடைகளின் பணப்பெட்டி தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பணப்பெட்டியை இயக்க அவர் சின்ன மோட்டார் ஒன்றை வடிவமைத்திருந்தார். ஓரிரு நொடிதான் வேலை என்பதால் அதன் தாங்குதிறனுக்கு மேல் மின்சாரத்தைச் செலுத்தினாலும் எரியாது. அதற்குள் வேலை முடிந்துவிடும். அதே யோசனையைக் காருக்குக் கொண்டுவந்தார். 1912 மாடல் காடிலாக்கில் கைப்பிடி போட்டுச் சுழற்றும் வேலை ஒழிந்தது. அந்தச் சலுகைக்கு நிபந்தனையும் உண்டு. தொடர்ந்து பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. அடித்தால் இடையில் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும். எடுக்காத வண்டியில் கோபத்தில் அரை நிமிடம் சாவியைப் பிடித்துத் திருப்புகிறவர் இரண்டாவது பழுதைத் தானே உருவாக்குகிறார்.

தள்ளி எடுப்பது செல்ஃபைத் தவிர்க்கும் வழி, பேட்டரியைத் தவிர்க்கும் வழியல்ல. பொறியை உண்டாக்கும் காயிலுக்கு மின்சாரம் வேண்டுமே. அந்தக் காலத்து டைனமோ வைத்த வண்டியில் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தன்மையே மின் உற்பத்தியைத் தொடங்கிவைக்கும். முற்றிலும் செத்த பேட்டரியோடும் சரிவில் உருட்டி எடுக்கலாம். ஆல்டர்னேட்டர் வந்தபின் அதன் சுழலும் காந்தத்தை எழுப்பவே பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் தேவை. அடுத்த வண்டியிலிருந்து கேபிள் போடுவதானால் பாசிட்டிவை முதலில் இணைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளின் கடைசி முனையைப் பேட்டரிக்கு எட்டத்தில் எஞ்சின் இரும்பில் மாட்ட வேண்டும். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜனை விடும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். கடைசி இணைப்பில் எப்போதும் பொறி பறக்கும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு.

சரி, செல்ஃப் நன்றாக அடிக்கிறது. எஞ்சின் சுற்றுகிறது. பற்றவில்லை.

முதலில் காதைக் கொடுங்கள். சுற்றும் ஒலியில் ஏற்ற இறக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது செல்ஃப் திணறி, விட்டதும் விரைந்து, மறுபடி திணறும். அந்தத் தாளம் இல்லாமல் ஒரே சீராக, வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால் அழுத்தமே இல்லை. மாருதி 800 போல டைமிங் பெல்ட் வைத்த எஞ்சினில் பெல்ட் அறுந்திருக்கலாம். அத்தோடு நிறுத்திவிட வேண்டும். தாளம் சரியாக இருந்தால் மிஞ்சுவது இரண்டுதான்: பெட்ரோல் அல்லது கரண்ட். பட்டறைகளில் காலங்காலமாக ஒரு கணக்கு உண்டு. ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று நின்றால் கரண்ட். இழுத்து இழுத்து நின்றால் பெட்ரோல். எப்போதும் பலிக்காவிட்டாலும் பெரும்பாலும் பலிக்கும். கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீரச் சற்று நேரம் பிடிக்கும், அந்த நேரம் முழுக்க எஞ்சின் திணறும். மின்சுற்று அறுந்தால் அடுத்த பொறியே இல்லை.

பொறி இருக்கிறதா என்று பார்க்கும் முறை எல்லோருக்கும் தெரியும். பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, எஞ்சின் இரும்பைத் தொடவைத்துச் செல்ஃப் அடிப்பது. பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கக் கூடாது, வயரைக் கையால் பிடிக்கக் கூடாது; பாய்வது 20,000 வோல்ட். பொறி தெரிந்தால் கரண்ட் சரி என்று விட்டுவிடுகிறோம். பழைய பாகத்தின் ஏமாற்று இங்கேயும் உண்டு. திறந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட 3,000 வோல்ட் சொச்சம் போதும். சிலிண்டருக்குள் காற்று எட்டு, ஒன்பது மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. அங்கே அதே பிளக்கில் பொறி தாண்டப் பத்தாயிரத்துக்கும் மேல் வேண்டும். வெளியே மஞ்சளாக, மெலிதாகத் தாண்டும் பொறி உள்ளே தாண்டாது. கொழுத்த நீலப் பொறி, 'சட்' என்ற ஒலியோடு, அரை செண்டிமீட்டருக்கு மேல் தாண்டினால்தான் நம்பலாம்.

அந்த 20,000 வோல்ட் எங்கிருந்து வருகிறது? இதுவும் கெட்டரிங்கின் கைவண்ணம்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சுவிட்சான சி.பி. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் 3, 4 ஆம்பியர் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்கும். பாயிண்ட் திறந்ததும் மின்சாரம் வெட்டப்பட்டு காந்தப்புலம் சரியும். சரிவு எவ்வளவு வேகமோ அவ்வளவு வோல்ட். ஆனால் பாயிண்ட் திறக்கும்போது மின்சாரம் அந்த இடைவெளியையே பொறியாகத் தாண்டிப் பாயப் பார்க்கும். பாய்ந்தால் சரிவு மெதுவாகிவிடும். அதைத் தடுக்கத்தான் கண்டென்சர். திறந்த நொடியில் மின்சாரத்தைத் தான் வாங்கிக்கொண்டு பாயிண்டைக் காப்பாற்றும். முதல் சுற்றில் இருநூறு முந்நூறு வோல்ட் எழும்ப, நூறு மடங்கு சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்றில் அது இருபது, முப்பதாயிரமாகிறது. சின்னக் கண்டென்சர் பழுதானால் பாயிண்ட் கருகும், பொறி மெலியும். கண்டென்சர் பெரும்பாலும் சூட்டில்தான் கைவிடும், ஆறியதும் நல்லபிள்ளையாகிவிடும். அதைக் கழற்றிக் கடையில் கொடுத்துச் சோதித்தால் என்ன தெரியும்?

செல்ஃப் மந்தமாகச் சுற்றும்போது பற்றாமல் போவதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. பேட்டரி 12.6-லிருந்து 10-க்கு இறங்கினால் காயிலின் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். காயிலில் சேரும் ஆற்றல் மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். எஞ்சின் சுற்றத்தான் செய்கிறது என்பதால் பேட்டரியை யாரும் சந்தேகிப்பதில்லை. தள்ளிவிட்டால் உடனே பற்றும். காரணம், அப்போது காயிலோடு போட்டி போட செல்ஃப் இல்லை.

ஐப்பசி மழைக்கு மறுநாள் காலையில் எடுக்காத வண்டிக்கு வேறு எதையும் தேடுமுன் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரம் படிந்த அழுக்கு உயர் மின்னழுத்தத்துக்கு வழிவிடும்; பொறி பிளக்குக்குப் போகாமல் கேப்பின் சுவரிலேயே இறங்கிவிடும். அடிக்கடி இறங்கினால் பேக்கலைட்டில் மயிரிழைபோல் கரிக்கோடு விழும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் பிறகு மழையே தேவையில்லை. கோடு விழுந்த கேப்பைத் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இருட்டில் பானெட்டைத் திறந்து செல்ஃப் அடித்துப் பார்த்தால் கசியும் பொறிகள் நீலமாகக் கண்ணுக்கே தெரியும்.

பொறி கொழுத்திருக்கிறது, பற்றவில்லை என்றால் பெட்ரோல். கழற்றிய பிளக் நனைந்து நாறினால் பெட்ரோல் அதிகம். காய்ந்திருந்தால் வரவே இல்லை. அதிகமானதற்கு மருந்து எளிது. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை அடிவரை ஒரே மிதியாக மிதித்து வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் உள்ளே புகும் காற்று ஈரத்தை வெளியேற்றும். மிதித்து மிதித்து விடக் கூடாது. கார்புரேட்டரில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பீச்சு பெட்ரோலை அடிக்கும் சிறு பம்பு இருக்கிறது.

வராமல் போவதில்தான் நம் ஊர்க் கதை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் சாலையில் அம்பாசடர்களும் பத்மினிகளும் பானெட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நின்றதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். டிரைவர் ஈரத்துணியை, ஏ.சி. பம்பு என்று பட்டறைகளில் சொல்லும் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றிவிட்டுப் பீடி குடித்துக்கொண்டிருப்பார். பெட்ரோல் ஒரே பொருளல்ல, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. 35, 40 டிகிரியிலேயே அதன் இலேசான பகுதி கொதிக்கத் தொடங்கிவிடும். இந்த வண்டிகளில் பெட்ரோல் பம்பு எஞ்சினின் விலாவிலேயே இருக்கிறது. டேங்கிலிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டியிருப்பதால் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். மலையில் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பம்புக்குள் பெட்ரோல் ஆவியானதும் டயாஃப்ரம் என்னதான் மேலும் கீழும் அடித்தாலும் ஆவி சுருங்கி விரியுமே தவிர முன்னால் நகராது. ஈரத்துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், உள்ளே ஆவி மறுபடி திரவமாகும். டிரைவரின் வைத்தியம் முழுக்க இயற்பியல்.

சமவெளியில் இதே கோளாறு வேறு வடிவில் வரும். வெயிலில் ஓட்டிவந்து எஞ்சினை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போய்ப் பதினைந்து நிமிடத்தில் திரும்பினால் எடுக்காது. ஒரு மணி நேரம் கழித்து எடுக்கும். நிறுத்தியவுடன் எஞ்சின் குளிரத் தொடங்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் ஃபேனும் நீரோட்டமும் நின்றுவிடுவதால் வார்ப்பிரும்பின் சூடு பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறி, பானெட்டுக்குள் முதல் கால் மணி நேரம் வெப்பம் கூடத்தான் செய்யும்.

2025-இல் நாடெங்கும் பம்புகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கமாகிவிட்டபின் பழைய வண்டிக்காரர்களின் புலம்பல் கூடியிருக்கிறது. எல்லாவற்றையும் எத்தனால் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் சில புகார்களுக்கு அடிப்படை உண்டு. எத்தனாலை எண்ணிச் செய்யாத பழைய ரப்பர் டயாஃப்ரமும் ஹோஸும் அதில் ஊறி உப்பும் அல்லது விறைக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பல மாதம் ஓடாமல் நிற்கும் வண்டியில் நீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய டேங்கில் படிந்திருந்த கசடையும் கிளப்பி ஃபில்டரையும் ஜெட்டையும் அடைக்கும். ஒரு கிலோ எத்தனாலை ஆவியாக்கப் பெட்ரோலைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பம் தேவை என்பதால் குளிர்ந்த எஞ்சினில் பற்றச் சற்று அடம்பிடிக்கும். கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர் டயாஃப்ரம், ஹோஸ், ஃபில்டர் மூன்றையும் புதுத் தரத்துக்கு மாற்றிவிடுவது பேரம் பேச வேண்டாத செலவு.

2000-ஆம் ஆண்டை ஒட்டி கார்புரேட்டரும் பாயிண்டும் போய், கணினி வைத்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் வந்தன. அவையும் இன்று பழைய வண்டிகள்தான். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் பின்சீட்டுப் பக்கமிருந்து இரண்டு நொடி 'ஊம்' என்று பெட்ரோல் பம்பின் முனகல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்பு என்ற வரிசையில் போகலாம். எலி கடித்த வயரையும் பார்த்துவிடுங்கள். நகரங்களில் நிறுத்திவைக்கும் கார்களுக்கு இது சாதாரண நோயாகிவிட்டது. முனகல் கேட்டும் பொறி, பெட்ரோல் இரண்டும் ஒருசேர இல்லை என்றால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். கிராங்க் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்வது அதுதான். அதன் சேதி வராவிட்டால் கணினி எதையும் இயக்காது. பல வண்டிகளில் அது ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய கம்பிச் சுருள், அவ்வளவே. சுருளில் ஓரிடத்தில் விரிசல் விட்டிருந்தால் குளிர்ந்திருக்கும்போது கம்பிகள் தொட்டுக்கொண்டிருக்கும். எஞ்சின் சூட்டில் விரிந்து பிரியும். வண்டி நெடுஞ்சாலையில் சட்டென்று நிற்கும், இழுத்துவரும் வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஆறிவிடும், பட்டறைக்கு வந்ததும் ஒரே திருப்பில் எடுக்கும். ஆர்.பி.எம். முள் வைத்த வண்டியாக இருந்தால், நின்றுபோன அந்தச் சாலையோரத்திலேயே செல்ஃப் அடித்து முள்ளைப் பாருங்கள். எஞ்சின் சுற்றியும் முள் அசையாவிட்டால் சென்சாரின் சேதி வரவில்லை. அதை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அவர் சென்சாரைக் கழற்றி ஹேர் டிரையரால் சூடேற்றிக்கொண்டே ஓம் அளந்தால் மீட்டரின் முள் ஓரிடத்தில் எகிறுவதை அங்கேயே பார்த்துவிடலாம்.